சுவரில் மாட்டிய வயிறு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஸ்கேன் சென்டரில் வாட்ச்மேனிலிருந்து ரிசப்ஷன் பெண் வரை எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. காலை எட்டு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுதான். "மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க. விடுங்க." பதினெட்டு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதுகூட அவள் குரல் அந்த ராகத்தில்தான் வரும்.

"ஊர்ல இருக்கிறவன் மூச்சையெல்லாம் பிடிச்சு விடறா. ஒருத்தனையும் பிடிச்சு வச்சுக்கத் தெரியலை" என்று அவள் அண்ணன் கேலி பண்ணுவான். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் அவளுக்கே சரியாகப் பதில் தெரியாது. அப்பாவுக்கு முடியாமல் இருந்தது, பிறகு அம்மாவுக்கு, பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வேலை நடப்பது குளிர்ந்த ஒரு அறையில். நடுவில் பெரிய காந்தக் குழாய். படுப்பவரிடம் சாவி, மோதிரம், பெல்ட், பல் செட்டு எல்லாவற்றையும் கழற்றி வாங்கித் தட்டில் வைக்க வேண்டும். காதில் சத்தம் கேட்காமல் இருக்க ஒன்றை மாட்டி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "பயமா இருந்தா இதை அமுக்குங்க, எனக்கு மணி அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார வேண்டும். அதற்கப்புறம் அந்த ஆள் தனி, இவள் தனி. நடுவில் கண்ணாடியும் மைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய படம் இருக்கா?" முன்னே எப்போதாவது ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தப் படம். ஒரு படம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். இரண்டு படம் இருந்தால்தான் அது வளர்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று தெரியும். இருக்கிறது, இல்லை என்று படிவத்தில் இரண்டு கட்டம். பதிலைக் கேட்டு டிக் போடுவது அவள் வேலை. எடுத்த படத்தைப் படித்து எழுதுவது டாக்டர் வேலை. அந்தக் கோட்டை அவள் ஒரு நாளும் தாண்டியதில்லை.

எத்தனையோ ஆயிரம் பேருடைய உள்ளுறுப்புகளைப் பார்த்தவளுக்கு வெளியே பேச ஆள் இல்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் பாதிப் பேர் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். வாழ்க்கையிலேயே மோசமான நாளில் பார்த்த முகம் அது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு டம்ளரும் இருந்தது, அதில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. புதனும் ஞாயிறும் சாயங்காலம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. வாரத்தில் மற்ற ஐந்து நாட்களை அந்த இரண்டு நாட்களை வைத்துத்தான் அவள் ஓட்டினாள்.

அண்ணன் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன். வாய் ஓயாமல் பேசுவான், பெருத்த உடம்பு, எதற்கும் கோபப்பட மாட்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால், சென்டருக்கு இந்த மெஷின் புதிதாக வந்து இறங்கிய வாரத்தில், அவள் மறந்து விட்டுப்போன டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்தான். மெஷினைச் சரிபார்க்க வந்திருந்த என்ஜினீயர் இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நீங்க ஒரு இருபது நிமிஷம் படுக்க முடியுமா? கொஞ்சம் சதைப்பிடிப்பான ஆளா வேணும். கொழுப்பு நல்லா வெள்ளையா வரும்."

"வாழ்க்கையில முதல் தடவையா என் கொழுப்பைக் கேட்டு வாங்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் சட்டையைக் கழற்றினான். கதிர் கிதிர் எதுவும் இல்லாத மெஷின், ஆளைப் படுக்கவைத்துச் சோதிப்பது வழக்கம்தான். பதிவில் அவன் பெயருக்குப் பதிலாக 'சோதனை மூன்று' என்று போட்டார்கள். படம் வந்ததும் என்ஜினீயர், டாக்டர், மானேஜர், இவள், நான்கு பேரும் திரையைச் சுற்றி நின்றார்கள். கோடு தெளிவாக இருக்கிறதா, ஓரம் மங்குகிறதா, இரைச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். படம் அற்புதமாக வந்திருந்தது. மானேஜருக்கு அது பிடித்துப்போய், வயிற்றின் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி இருந்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, டீ மேசைக்கு மேலே தாழ்வாரச் சுவரில் மாட்டிவிட்டார். புது மெஷினின் துல்லியத்துக்கு அத்தாட்சி.

அன்றிலிருந்து அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் காத்திருக்கும் நோயாளிகளை அழைத்துப்போய்க் காட்டுவான். "இது யார் தெரியுதா? நான்தான். உள்ளே இருந்து எடுத்தது." பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள். அவள் வாரத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைப்பாள். அதைத் துடைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இந்த வருஷம் மழை தொடங்கும்போதுதான் பிரச்சனையும் தொடங்கியது. டிப்போவில் வருடாந்திர உடல் பரிசோதனை. வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்கிறது, மூன்று மாதத்தில் குறைக்காவிட்டால் வண்டி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி பிஸ்கட் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தங்கை ஒரு பட்டியல் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டினாள். காலையில் ஒரு முட்டை, மத்தியானம் ஒரு கை சோறு, ராத்திரி வெறும் வெள்ளரிக்காய். அவனும் முணுமுணுக்காமல் சாப்பிட்டான். நடந்தான். இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது, கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. வயிறு மட்டும் இன்னும் பெருத்தது.

"திருட்டுத்தனமா ஏதோ தின்னறே" என்றாள் தங்கை ஒரு புதன்கிழமை. "டிப்போ கேன்டீன்ல யார் கேட்கப் போறாங்கன்னு நினைப்பு."

"சத்தியமா இல்ல பாப்பா. ரெண்டு வாய் போட்டாலே வயிறு முட்டிக்குது. வெள்ளரிக்காயைப் பார்த்தாலே ஏப்பம் வருது."

"பொய் சொல்றவங்களுக்கு இப்படித்தான் ஏப்பம் வரும்" என்றாள் அண்ணி.

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு இடது தொடையைத் தேய்த்துக்கொண்டான். "இந்தக் கால்தான் மரத்துப் போகுது. கிளட்சை மிதிக்கறப்ப கால் இருக்கா இல்லையான்னே தெரியலை."

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. எதிரே உட்கார்ந்திருந்தவனைத் தங்கையாகப் பார்க்காமல் ஸ்கேன் எடுக்கிறவளாகப் பார்த்தாள். ஒட்டிய கன்னம், குச்சிக் கை, முன்னால் தள்ளிய வயிறு. அந்த வயிறும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இடது பக்கம் மேடு.

மறுநாளே கூட்டிக்கொண்டு வந்தாள். சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் வாங்கினாள். படிவத்தை எடுத்தாள். பழைய படம் இருக்கா என்ற இடத்தில், அவனைக் கேட்காமலேயே, 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அவனுக்கு ஏது பழைய படம்? ஒரு காய்ச்சல் தலைவலி என்று ஆஸ்பத்திரிப் படி ஏறாதவன்.

பந்தைக் கையில் வைத்தாள். "பயமா இருந்தா அமுக்கு."

"எனக்கென்ன பயம்? பழகின மெஷின்தானே."

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். அண்ணன் வயிற்றில் இடது பாதி முழுக்க வெள்ளை. குடல் எல்லாம் வலது ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. இடது கிட்னி தன் இடத்தை விட்டு முன்னால் வந்து நின்றது. வெள்ளைக்குள்ளே இங்கும் அங்கும் சாம்பல் நிறத்தில் மெல்லிய நூல்கள். "விடு" என்று சொல்ல மறந்து, அண்ணனை நான்கு விநாடி கூடுதலாக மூச்சைப் பிடிக்க வைத்துவிட்டாள்.

டாக்டர் நிதானமான மனிதர். சட்டென்று எதையும் சொல்லிவிட மாட்டார். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இது உங்க அண்ணன்ங்கறதால வெளிப்படையாச் சொல்றேன். கொழுப்பிலேயே முளைக்கிற கட்டி ஒண்ணு உண்டு. ரொம்ப அபூர்வம், என் சர்வீஸ்ல நாலு பார்த்திருக்கேன். கொழுப்பு மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஆனா கனத்த உடம்புக்காரங்களுக்கு நிஜக் கொழுப்பே இப்படி ஒரு பக்கமா சேர்ந்தும் பார்த்திருக்கேன்."

"ஊசி விட்டு எடுத்துப் பார்த்தா, சார்?"

"எடுத்தா என்ன வரும்? கொழுப்புன்னு வரும். அதை வச்சுக்கிட்டு எந்த சர்ஜன்கிட்டப் போய் வயித்தைத் திறங்கன்னு சொல்றது? நாலு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துப் பார்ப்போம். வளர்ந்திருந்தா கட்டி." படங்களை மறுபடி ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். "பழைய படம் ஒண்ணு இருந்தா இன்னிக்கே சொல்லிடுவேன்."

"இல்ல சார்."

நாலு மாசம். அண்ணன் முகம் போகிற போக்கில் நாலு மாசம் தாங்குமா என்று நினைத்துக்கொண்டே அவள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு டீ மேசைக்குப் போனாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டினாற்போல முகத்தை வைத்துப் பார்த்தாள். வலது கிட்னியைச் சுற்றி மெல்லிசாக வெள்ளை, இருக்க வேண்டிய அளவு. இடது கிட்னி லேசாக முன்னால் சாய்ந்திருந்தது. அதன் முதுகுப் பக்கம் கோழி முட்டை அளவுக்கு வெள்ளை. அந்த முட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு சாம்பல் கோடு. என்ஜினீயர் மெச்சிக்கொண்ட துல்லியம், அந்தக் கோட்டைக்கூட விடாமல் காட்டியிருந்தது.

அன்று வியாழன், முறைநாள் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கஞ்சி வைத்திருந்தாள். பிஸ்கட் டப்பா பீரோவை விட்டு வெளியே வந்திருந்தது.

"என்ன சொல்றார் உங்க டாக்டர்?" என்றான் அண்ணன்.

"நாலு மாசம் பார்க்கலாம்னு சொல்றார்."

"பார்த்தியா, ஒண்ணுமில்லன்னு அர்த்தம். என் வயித்தைப் பத்தி அவருக்குத் தெரியாததா? தினமும் அதுக்குக் கீழேதானே நின்னு டீ குடிக்கிறார்."

அண்ணி சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சொல்லாமலே விட்டுவிடலாம். நாலு மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்பார்கள், வளர்ந்திருக்கும், கண்டுபிடித்துவிடுவார்கள். சுவரில் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை, பதிவிலும் பெயர் இல்லை. புதனும் ஞாயிறும் இந்தச் சாப்பாடு அவளுக்கு மிச்சமிருக்கும். இப்படியெல்லாம் அவள் நினைத்தாள் என்பதை மறைப்பானேன், நினைத்தாள். கஞ்சியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மூன்றாவது கரண்டியிலேயே கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தைக் கழற்றினாள். அதைக் கொண்டுபோய் டாக்டர் மேசைமேல் வைத்தாள். டிக்கை அடித்துத் திருத்திய படிவத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

"பழைய படம் இருக்கு சார்."

டாக்டர் அதைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வருஷம் இதுக்குக் கீழே நின்னு டீ குடிச்சிருக்கேன்" என்றார்.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது. பத்து நாளில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அவள் கிளம்பும்போது டாக்டர் தணிந்த குரலில் சொன்னார், "வீட்ல சொல்லித்தான் ஆகணும்னு இல்லம்மா. சொல்றதால அவர் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. மானேஜரும் அதைத்தான் விரும்புவார்."

நன்மை கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அண்ணன் எழுந்து நடமாடி வந்ததும் முதல் வேலையாகச் சுவரைப் பார்ப்பான், என் படம் எங்கே என்று கேட்பான். அப்போது என்ன பொய் சொல்வது? அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவன் எதிரே எத்தனை புதன்கிழமை உட்கார்வது?

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை அவன் தன் சாமான்களை எடுக்க டிப்போவுக்குப் போயிருந்தான். தேடிக்கொண்டு போனாள். வரிசையாக நின்ற பஸ்களில் ஒன்றில், டிரைவர் சீட்டில், மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் ஏறி அவனுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"பயப்படாதேன்னுதானே? பயப்படலை, போ."

"அது இல்ல. டாக்டர் எப்படிக் கண்டுபிடிச்சார் தெரியுமா?"

"நீ எடுத்தியே படம்."

"அதுல சந்தேகம்தான் வந்தது. பழைய படத்தோட வச்சுப் பார்த்ததுக்கப்புறம்தான் கட்டின்னு உறுதியாச்சு."

"எனக்கு ஏது பழைய..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "சுவத்துல இருக்கிறதா?"

"ஆமா."

"அதுலயே இருந்ததா?"

"இருந்தது. கோழி முட்டை அளவுக்கு."

"அதை மாட்டி எத்தனை வருஷம் இருக்கும்?"

"ஆறு."

"நீ வாரா வாரம் துடைப்பேன்னு சொல்வியே."

"துடைப்பேன்."

"துடைக்கறப்பகூடப் பார்த்ததில்லையா பாப்பா?"

"தூசி போயிடுச்சான்னுதான் பார்த்தேண்ணே. மெஷின் நல்லா இருக்கான்னு பார்க்கிறதுக்காக எடுத்த படம். அதுல இருக்கிறது ஒரு ஆளுன்னே யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை."

அவன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வயிறு அதில் அழுந்தியது.

"எத்தனை பேரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டியிருப்பேன்" என்றான். "இதைப் பாருங்க, இதைப் பாருங்கன்னு."

அவன் சீட்டுக்கடியிலிருந்து சாமான் பையை இழுத்தான்.

"இறங்கு. வண்டியைக் கழுவ எடுத்துட்டுப் போவாங்க."

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. வெளியே எடுத்தது ஏழு கிலோ எண்ணூறு கிராம். இடது கிட்னி அதற்குள்ளேயே புதைந்திருந்ததால் அதுவும் போனது. முன்னாடியே பார்த்திருந்தால் கிட்னி தப்பியிருக்கும் என்று சர்ஜன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவர்ப் படத்தைப் பற்றி அண்ணன் சொல்லி அறிந்திருந்த அண்ணி திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். பேசியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் மூச்சக்கா தினமும் சாயங்காலம் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள். "தூங்கறார்" என்பாள். முந்தின நாள் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். அவன் இருமுவது கேட்கும். மூன்றாவது வாரம் அண்ணி, "இனிமே நானே வச்சுக்கறேன், உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்" என்றாள். அன்றோடு புதனும் ஞாயிறும் மற்ற நாட்களைப் போலவே ஆகிவிட்டன. ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க எவ்வளவு நேரமாகும்? அவள் அதை இரண்டு முறை கழுவினாள்.

சென்டர் தாழ்வாரத்தில் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக நின்றது. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிட்டாள். வேறு இடம் இல்லாமல் இல்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகு, இது திரும்ப முளைக்கிற சாதி என்பதால், மூன்றாம் மாதப் படம் எடுக்க வேண்டியிருந்தது. வேறு சென்டரில் எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அண்ணி அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலைப் பட்டியலில் நான்காவதாக அவன் பெயர் இருந்தது.

பாதி ஆளாக வந்திருந்தான். சட்டைக்குள் இன்னொருவர் நுழையலாம் போல இருந்தது. தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, வெளுத்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பெரியவர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "அங்க நான் இருந்தேன்" என்று அவன் சொன்னது இவள் காதில் விழுந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சாவியைத் தட்டில் போட்டான், பெல்ட்டைக் கழற்றினான். அவளும் யாரோ ஒருவரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"பழைய படம் இருக்கா?"

அவன் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த பையை நீட்டினான். உள்ளே ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த படங்கள். அதோடு, நான்காக மடித்து, சட்டத்திலிருந்து உருவிய அந்தப் பழைய படமும். டாக்டரின் கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அதை அவன் கேட்டு வாங்கி வைத்திருந்தான். அவள் 'இருக்கிறது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

பந்தைக் கையில் வைத்தாள், கதவைச் சாத்தினாள், மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூச்சை இழு என்றாள், இழுத்தான். பிடிச்சுக்கோ என்றாள், பிடித்துக்கொண்டான். விடு என்றாள். சொன்னதெல்லாம் செய்தான். கண்ணாடி வழியே அவன் பாதம் இரண்டும்தான் தெரிந்தன, சாக்ஸ் போட்ட பாதம்.

பாதியில் மணி அடித்தது.

அவன் ஒரு நாளும் அந்தப் பந்தை அமுக்கியதில்லை. அவள் பதறிப்போய் மைக்கை அழுத்தினாள்.

"என்னண்ணே? பயமா இருக்கா?"

குழாய்க்குள்ளிருந்து குரல் கரகரவென்று வந்தது.

"அங்க உட்கார்ந்திருக்கிறது நீதானா?"

"நான்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாக்ஸ் போட்ட பாதங்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டன.

"சரி. நல்லாப் பாரு."

"பார்க்கறேண்ணே."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பழைய படத்தைப் பிரித்துத் திரையின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள்.

"மூச்சை இழு" என்றாள். "பிடிச்சுக்கோ."